ஏப்ரல் 15 வந்தாலும் மாத்திரை நிற்கக் கூடாது

கேள்வி: காசிமேட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். சம்பளம் 14,500 ரூபாய். என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மாதம் சுமார் 20,000 வரும். மகள் ஒன்பதாம் வகுப்பு. வாடகை, மளிகை, டியூஷன், சீட்டு, அடகு வட்டி எல்லாம் சேர்த்து 30,000 செலவாகிறது. கையில் 18,000 சேமிப்பு இருக்கிறது. மாதம் 3,000 கட்டும் 20 மாத ஏலச்சீட்டில் 11 கட்டியாச்சு. அடகுக் கடையில் 60,000-க்கு நகை இருக்கிறது, இரண்டு வட்டி. மீன் மார்க்கெட் பக்கம் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு பொமரேனியனை ஒரு பெண் மீட்டு வைத்திருக்கிறார். ஆறு கிலோதான், மூன்று வயது இருக்கலாம் என்கிறார்கள். அதற்கு வலிப்பு வருகிறது. இரண்டு வேளை மாத்திரை போட்டால் அடங்கிவிடுகிறது. மகள் அதை விட்டு வர மாட்டேன் என்கிறாள். வீட்டுக்காரரோ, ‘வலை வாங்கவே காசு இல்ல, நாய்க்கு மாத்திரையா’ என்கிறார். சீட்டைத் தள்ளி எடுத்து நாயை வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கலாம். ஆனால் சீட்டைத் தொட வேண்டாம், முழுப் பொறுப்பையும் இப்போதே தலையில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடலாம். நாய்களின் வலிப்புக்குப் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுப்பது பீனோபார்பிடோன்தான். மனிதர்களுக்குத் தரும் அதே மாத்திரை. ஆறு கிலோ நாய்க்குத் தொடக்கத்தில் 30 மில்லிகிராம் மாத்திரையில் பாதி காலை, பாதி இரவு என்ற கணக்கில்தான் பெரும்பாலும் வரும்; அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படியென்றால் மாதத்துக்கு முப்பது மாத்திரை. இதன் விலை எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும், தினமும் பில் போடுகிறவர் நீங்கள். ஆகவே உங்கள் வீட்டுக்காரர் பயப்படுகிற இடத்தில் செலவு இல்லை.

செலவின் குணம்தான் வேறு. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வலிப்பு வரலாம். காய்ச்சல் மருந்து மாதிரி, ‘இந்த மாதம் கை இறுக்கம், அடுத்த மாதம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட முடியாது. பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய மருந்து இது. வீட்டு வாடகைகூட ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. தொகை சின்னது, ஆனால் ஒரு தவணைகூடத் தவறக் கூடாத கடன் மாதிரி இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட செலவை ஏற்கும் வீட்டில் வருமானம் எப்படி வருகிறது? உங்கள் கணக்கில் 34,500 வந்து 30,000 போக 4,500 மீதி. அது பத்து மாதக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, பங்கும் வராது. ஆண்டுக் கணக்காகப் போட்டால் உங்கள் சம்பளம் 1,74,000, அவர் பங்கு 2,00,000, அரசின் தடைக்கால நிவாரணம் 8,000, மொத்தம் 3,82,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 31,833 வருகிறது. உண்மையான மீதி 1,833 ரூபாய்தான்.

நாய்க்கு மாதம் எவ்வளவு ஆகும்? சோறு, முட்டை, மீன் எல்லாம் சேர்த்து 1,200. உங்கள் பேட்டையில் மீனுக்குப் பஞ்சமில்லை என்பதால் குறைத்தே போட்டிருக்கிறேன். ஆனால் இந்த மாத்திரை போட்ட நாய்க்குப் பசி கூடும், தாகமும் கூடும். தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும். பாவம் என்று போட்டுக்கொண்டே இருந்தால் எடை ஏறிவிடும். கருவாட்டுப் பக்கம் விடவே வேண்டாம். மாத்திரைக்கு 150. உண்ணி மருந்து, பூச்சி மருந்துக்கு 300. தடுப்பூசிக்கு ஆண்டுக்கு 1,800, அதாவது மாதம் 150. கல்லீரல் எப்படி இருக்கிறது, மருந்து ரத்தத்தில் எந்த அளவில் நிற்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 3,000 என்று வைத்தால் மாதம் 500. ஆக 2,300. கையில் இருப்பது 1,833. மாதம் 467 ரூபாய் துண்டு விழுகிறது.

இந்தத் துண்டு நாயால் வந்ததில்லை. அடகுக் கடையால் வந்தது. 60,000-க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 1,200, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். அதே நகையை வங்கியில் வைத்து ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கணக்கிட்டால் மாதம் 500. மிச்சமாகும் 700-ல் துண்டு அடைந்து இன்னும் 233 கையில் நிற்கும். வேறு கடையில் இருக்கும் நகையை மீட்டுத் தங்களிடம் வைத்துக்கொள்ளும் வங்கிகளும் உண்டு. உங்கள் கிளையில் கேளுங்கள். நாய் வந்தாலும் வராவிட்டாலும் இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை இது. எத்தனையோ வீட்டுக் கணக்கு பார்த்திருக்கிறேன். ‘அவசரத்துக்கு வைத்தது’ என்று சொல்கிற நகைதான் மூன்று வருடம் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது மாதம் பாக்கி இருக்கும்போது எடுத்தால் தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை, போகத்தான் கைக்கு வரும், கட்டுவது மட்டும் தொடரும். கடைசிவரை போனால் நவம்பர் வாக்கில் கமிஷன் போக கிட்டத்தட்ட முழுத் தொகையும் கிடைக்கும். சீட்டு பதிவு பெற்றதுதானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பணத்தில் 15,000-ஐத் தனிக் கணக்கில் நாய்க்கென்று போட்டுவிட்டு, மீதியை நகைக் கடனுக்குக் கட்டுங்கள்.

ஏன் 15,000? ஒரு வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ அது அவசரச் சிகிச்சை. ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்துத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தால் பணம் பறக்கும். பகலில் என்றால் உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். 1903-லிருந்து இருக்கும் கல்லூரி. தனியாரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. காத்திருக்க நேரம் மட்டும் வேண்டும். வழக்கமான பரிசோதனைகளை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எங்கே டாக்டர் இருப்பார் என்று நாய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. செல்லப்பிராணி காப்பீடு எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஏற்கெனவே இருக்கும் நோயைப் பொதுவாக அந்த பாலிசிகள் ஏற்பதில்லை. வலிப்புக்காக அதை வாங்கினால் பிரீமியம்தான் நஷ்டம்.

சரி, எப்போது கொண்டுவரலாம்? இப்போது பிப்ரவரி. இந்தத் தடைக்காலத்தில் உங்கள் வீட்டில் 23,000 பள்ளம் விழும்: இரண்டு மாதச் செலவு 60,000, உங்கள் சம்பளமும் நிவாரணமும் சேர்ந்து 37,000. கையிலிருக்கும் 18,000-மும் அதுவரை மிச்சம் பிடிப்பதும் அந்தப் பள்ளத்துக்குத்தான். அதில் நாயின் பெயரைச் சேர்க்காதீர்கள். ஆனால் அந்த இரண்டு மாதம்தான் உங்கள் வீட்டுக்காரர் படகு பராமரிப்பு, வலை பின்னுவது என்று கரையிலேயே இருப்பார். புது நாயைப் பழக்க வீட்டில் ஆள் இருக்கும் காலம் அதுதான். அதனால் மீட்ட பெண்ணிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். ‘ஏப்ரல் 15-லிருந்து தற்காலிகமாக வைத்துக்கொள்கிறோம். சோறு எங்கள் பொறுப்பு, ஜூன் 14 வரை மருந்தும் பரிசோதனையும் உங்கள் பொறுப்பு. ஜூன் 15 முதல் மாதச் செலவு முழுதும் எங்களுடையது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால் மட்டும் நவம்பர் வரை நீங்கள் கை கொடுக்க வேண்டும். சீட்டுப் பணம் வந்ததும் தத்தெடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.’ நாயை மீட்டு வளர்ப்பவர்களுக்கு இது புதிய ஏற்பாடு இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டாலே போதும்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? அப்போது நவம்பர் வரை காத்திருங்கள். மகளுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மீட்ட பெண்ணிடம், நாய்க்கு இதுவரை வந்த வலிப்புகளின் குறிப்பு, கடைசி ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி அட்டை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வலிப்புக்கு வேறு காரணம் ஏதும் இல்லை என்று டாக்டர் பார்த்தாரா என்பதையும் கேளுங்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்க்கும் வலிப்பு வரும்; அதன் போக்கு வேறு, செலவும் வேறு. வீட்டு உரிமையாளரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவித்திருக்கிறார்கள்.

காலை எட்டு, இரவு எட்டு என்று மகளின் பொறுப்பில் அலாரம் வையுங்கள். மாத்திரையை மீனுக்குள் வைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டு நாய் மீனை விழுங்கிவிட்டுப் பாதி மாத்திரையை மட்டும் கட்டிலுக்கடியில் துப்பிவிட்டு வாலாட்டும், பெருக்கும்போதுதான் தெரியவந்தது. விழுங்கியதா என்று வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15-ஐ வீட்டுக் காலண்டரில் ஏற்கெனவே வட்டம் போட்டிருப்பீர்கள். வலிப்பு வந்த தேதி, எத்தனை நிமிடம் என்பதையும் அதிலேயே குறித்து வையுங்கள். வேப்பேரியில் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.