‘ஊருக்குப் போய் ஓய்வெடு’ என்கிறது கம்பெனி: வரச் சொல்லலாமா?

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்கிறார். மூன்று வாரங்களுக்கு முன் சாரத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மீட்டர் கீழே விழுந்து குதிகால் எலும்பு முறிந்துவிட்டது. பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டாதது அவர் தவறு என்கிறார் சூப்பர்வைசர். கூடவே போனவர் டாக்டரிடம், ‘தங்குவிடுதிப் படியில் தடுக்கி விழுந்தார்’ என்று சொல்லிவிட்டாராம். இப்போது, ‘டிக்கெட் போட்டுத் தருகிறோம், ஊரில் ஓய்வெடு’ என்கிறார்கள். ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. வரச் சொல்லலாமா? – பட்டுக்கோட்டை வாசகி

பதில்: இப்போது வேண்டாம். வீட்டுச் சோறும் உங்கள் கவனிப்பும் அவருக்குத் தேவைதான். ஆனால் அந்த டிக்கெட் வெறும் இரக்கத்தில் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கு வந்துவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. ஆனாலும் சிகிச்சை, மறுபரிசோதனை, நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்ற மதிப்பீடு எல்லாம் அங்கே நடக்க வேண்டியவை. பட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு அவற்றின் பின்னால் அலைவது பெரும்பாடு.

பெல்ட் பேச்சுக்கு அவர் பயப்பட வேண்டியதில்லை. சிங்கப்பூரின் 2019-ஆம் ஆண்டு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்று பார்ப்பதில்லை. வேலையால், வேலையின்போது அடிபட்டதா என்றுதான் பார்க்கிறது. குடித்துவிட்டு விழுந்தது, கைகலப்பில் அடிபட்டது, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டது போன்றவற்றுக்குத்தான் விலக்கு. தவிர, மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் ஆளை ஏற்ற எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்பது அந்நாட்டு விதி. பெல்ட்டைப் பற்றிப் பேசுகிற சூப்பர்வைசர் அந்த அனுமதித் தாளையும் கொஞ்சம் எடுத்துக் காட்டட்டும்.

எனக்குக் கவலை தருவது அந்தப் படிக்கட்டுக் கதைதான். முதல் நாள் மருத்துவக் குறிப்பில் ‘தங்குவிடுதியில் விழுந்தார்’ என்று ஏறிவிட்டால், பிறகு காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்பதை அவரே டாக்டரிடம் சொல்லி, குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்று துணிந்து கேட்கலாம். கம்பெனி ஆளை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லவும் தயங்கக் கூடாது.

முதுகு வலிக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுந்தவர்களுக்குக் கீழ் முதுகெலும்பிலும் முறிவு இருக்கலாம் என்பது எலும்பு மருத்துவர்கள் எல்லோரும் அறிந்தது. கால் வலியின் கடுமையில் முதுகு வலி தெரியாமல் போய்விடும். ஆறு மாதம் கழித்து முதுகைப் பற்றிச் சொன்னால், அது இந்த விபத்தில் வந்ததுதானா என்று கேட்பார்கள். இப்போதே சொன்னால் எக்ஸ்ரே எடுப்பார்கள், குறிப்பிலும் ஏறும்.

விபத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. டாக்டர் ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்திருந்தாலும், லைட் டியூட்டி (இலேசான வேலை மட்டும்) என்று எழுதியிருந்தாலும், பத்து நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். செய்யவில்லை என்றால் உங்கள் கணவரே அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். இழப்பீடு கேட்க விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. அதற்காக ஆறப்போட வேண்டாம். கூட வேலை பார்த்தவர்கள் வேறு சைட்டுக்கு மாறுவதற்குள் விழுந்ததைப் பார்த்தவர்களின் பெயர், தொலைபேசி எண், சாரத்தின் புகைப்படம் எல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும்.

இனிப் பணம். உடலுழைப்புத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும். எம்.சி. நாட்களில் முதல் 14 நாட்களுக்கும், மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாட்களுக்கும் முழுச் சம்பளம். அதற்கு மேல் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. ஓவர்டைமும் சேர்ந்த சராசரி மாத வருமானத்தை வைத்தே இது கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அல்லது ஓராண்டு வரை, எது முந்துகிறதோ அதுவரை. அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

காலில் நிரந்தரக் குறை தங்கிவிட்டால் அதற்குத் தனித் தொகை. முழுமையான நிரந்தரப் பாதிப்புக்குக் குறைந்தது 1,16,000, அதிகபட்சம் 3,46,000 வெள்ளி. டாக்டர் தரும் சதவீதத்துக்கு ஏற்ப அதில் ஒரு பங்கு. 10 சதவீதம் என்றால் 11,600 வெள்ளிக்குக் குறையாது. இந்த மதிப்பீடு விபத்து நடந்து ஆறு மாதம் ஆனபிறகு உள்ள நிலையை வைத்து நடப்பது. மூன்றாவது வாரத்தில் டிக்கெட் ஏன் வருகிறது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நீதிமன்றத்தில் முதலாளி மீது வழக்குப் போடும் வழியும் உண்டு. ஆனால் அங்கே கம்பெனியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், பெல்ட் கதையும் மறுபடி தலைதூக்கும். இரண்டு வழியிலும் சேர்த்து இழப்பீடு வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் நிலைக்கு, மேலே சொன்ன இழப்பீட்டுச் சட்டத்தின் வழியே நல்லது என்பேன்.

கம்பெனி வேலை பர்மிட்டை ரத்து செய்தால் என்ன ஆகும் என்று அவர் பயப்படலாம். இழப்பீட்டுக் கோரிக்கை முடியும்வரை சிங்கப்பூரில் தங்க அமைச்சு சிறப்பு அனுமதிச் சீட்டு தருவதுண்டு. அதை வைத்துக்கொண்டு சாதாரணமாக வேலை செய்ய முடியாது. அந்த மாதங்கள் கடினமாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. கைகொடுக்க வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ, ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. இவற்றுக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. தேக்காவில் (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதி) யாராவது ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இன்றிரவு அவர் பேசும்போது மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். எம்.சி. தாள்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். புரியாத ஆங்கிலத் தாளில், குறிப்பாக ‘விருப்பப்பட்டு ஊர் திரும்புகிறேன்’ என்பது போன்றவற்றில், கையெழுத்துப் போட வேண்டாம். பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்தில் இருந்தால் நாளைக் காலையே கேட்டு வாங்கிவிடட்டும். தர மறுத்தால் அதையும் அமைச்சிடம் சொல்லலாம்.