வாய் உதிரும் கத்திக்குப் பதில்

கோத்தகிரியில் மூணு வருஷமா லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடிக்கிறேன், வாய் (வெட்டும் விளிம்பு) இன்னும் பொடிப்பொடியாக உதிருது, கை தேறவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கை தேறியிருக்கும், கண்தான் பாக்கி என்று நினைக்கிறேன். வெயில் நாளில் சூட்டின் நிறம் மங்கலாகத் தெரியும், மூடுபனி நாளில் அதே சூடு பளிச்சென்று தெரியும், அதனால் வெயிலன்று உங்களை அறியாமலே கூடுதலாகக் காய்ச்சிவிடுவீர்கள். உலையை எப்போதும் நிழலில் வையுங்கள். சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டாமல் போகும், அதற்குச் சற்று மேலே போனதும் தோய்ச்சல் போடலாம், அதாவது எண்ணெயில் முக்கிக் கடினமாக்கலாம். உங்கள் ஊர்க் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மறுசூடு, அதாவது தோய்த்த கத்தி உதிராதபடி மிதமாக மறுபடி சூடாக்குவது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்குச் சந்தேகமே அங்கேதான். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு முறை. வீட்டு ஓவனே போதும்.

உதிர்ந்த கத்தி ஒன்றை வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள் (கண்ணாடி போட்டுக்கொண்டு!). உடைந்த இடம் சர்க்கரை மாதிரி மின்னினால் சூடு அதிகம், மங்கிய சாம்பலாக இருந்தால் மறுசூடுதான் குறை. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம்.

தோடருக்கும் படகருக்கும் கத்தி, கோடாலி அடித்துக் கொடுத்த நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பழைய கொல்லர் யாராவது கிடைத்தால் ஒரு நாள் உலைப் பக்கம் நிற்கக் கேளுங்கள். அதுவரை புது வடிவம் வேண்டாம், ஒரே கத்தியையே திரும்பத் திரும்ப அடியுங்கள். உடைத்த படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.