வெள்ளியங்கிரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். வருஷா வருஷம் நண்பர்களோடு கோவைப் பக்கம் உள்ள வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறுகிறேன். இந்த மார்ச்சில் 9 வயதுப் பையனையும் (26 கிலோ), 5 வயதுப் பாப்பாவையும் கூட்டிப்போக ஆசை. பாப்பாவுக்கு முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொள்வேன். பையனுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. இப்போது மழைக்காலத்தில் எப்போதாவது இன்ஹேலர் எடுக்கிறான். மேலே ஆக்சிஜன் குறையுமா? குளுக்கோஸ் பவுடரும் வாந்தி மருந்தும் வைத்துக்கொண்டால் போதுமா?

பதில்: பையன் போகலாம், கீழே சொல்லும் நிபந்தனைகளோடு. பாப்பா இந்த வருஷம் வேண்டாம்.

ஆக்சிஜன் கவலையை முதலில் விட்டுவிடுங்கள். ஏழாவது மலையின் உச்சி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். ஊட்டி இந்த உச்சியைவிட உயரம். அங்கே கைக்குழந்தைகள்கூடச் சுகமாக இருக்கின்றன. வெள்ளியங்கிரியில் பிள்ளைகளைச் சாய்ப்பது வேறு மூன்று: ஏற்றத்தில் உடல் சூடாவது, உச்சியில் சட்டென்று குளிர்ந்துபோவது, இறக்கத்தில் கால் சோர்ந்து விழுவது.

குழந்தையின் எடைக்கு அதன் தோல் பரப்பு அதிகம். அதனால் வெயிலில் நம்மைவிடச் சீக்கிரம் சூடேறும், காற்றில் நம்மைவிடச் சீக்கிரம் குளிரும். முதல் மலையின் செங்குத்தான கற்படிகளில் மூச்சு வாங்கி, சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். அதே ஈரச் சட்டையோடு ஐந்தாவது மலையின் திறந்தவெளியில் காற்றை வாங்கினால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும். அடிவாரத்தைவிட உச்சியில் வெப்பம் சுமார் 8 டிகிரி குறைவு. காற்று வீசினால் உடம்புக்கு இன்னும் குறைவாகத் தெரியும். திறந்தவெளிக்குப் போவதற்கு முன்பே, மரநிழல் முடியும் இடத்தில் நிறுத்தி ஈரச் சட்டையைக் கழற்றி, துண்டால் முதுகைத் துடைத்து, உலர்ந்த சட்டையும் அதன் மேல் காற்று புகாத ஜாக்கெட்டும் குல்லாவும் போடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு மாற்றுவது தாமதம்.

வழியில் உள்ள ஆண்டி சுனையில் முழுக்குப் போடும் பழக்கத்தைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வியர்த்து நிற்கும் பிள்ளையை அந்த ஐஸ் தண்ணீரில் இறக்கினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். வீசிங் உள்ள பையனுக்கு அது நேரடி அழைப்பு. தலையில் நாலு சொட்டுத் தெளித்தால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாப்பாவை ஏன் தடுக்கிறேன் என்றால், 5 வயதுப் பிள்ளை 17, 18 கிலோ இருக்கும். அதைத் தோளில் உட்காரவைத்து இறங்கும்போது உங்கள் உடலின் எடை மையம் மேலே ஏறிவிடும். ஒரு கல் உருண்டால் நீங்கள் கையை ஊன்றலாம், பாப்பா தலைகீழாக விழும். இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை: தூக்குகிற நீங்கள் வியர்த்துக்கொண்டிருப்பீர்கள், தூக்கப்படும் பிள்ளை அசையாமல் உறைந்துகொண்டிருக்கும். உங்களுக்குக் குளிராததால் அதற்குக் குளிர்வது தெரியாது. ஆசையாக இருந்தால் முதல் மலை முடிவில் உள்ள வெள்ளை விநாயகர் வரை என்று வைத்துக்கொண்டு, பாப்பாவுக்காகவே தனியாக ஒருநாள் வாருங்கள்.

இனி வீசிங். கடந்த நாலு வாரத்தில் வாரம் இரண்டு தடவைக்கு மேல் இருமலோ இளைப்போ வந்ததா? இரவில் இருமி எழுந்தானா? விளையாடும்போது பாதியில் உட்கார்ந்தானா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கட்டுப்பாட்டில் இல்லை. மலையைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் இல்லை என்றால் சால்பியூட்டமால் இன்ஹேலர் (ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம்), ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை நிதானமாக இழுக்க உதவும் குழாய்) இரண்டும் உங்கள் இடுப்புப் பையில் இருக்கட்டும், நண்பர் சுமக்கும் பையின் அடியில் வேண்டாம். இன்ஹேலரில் மீதமுள்ள மருந்தையும் காலாவதித் தேதியையும் வீட்டிலேயே பாருங்கள். ஓடினால் இளைக்கும் வழக்கம் இருந்தால், உங்கள் மருத்துவர் சம்மதத்தோடு ஏறுவதற்கு 15 நிமிடம் முன் 2 அழுத்தம். வழியில் இளைப்பு வந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக 4 அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் 4 முறை மூச்சு. 4 நிமிடம் பொறுத்து, சரியாகவில்லை என்றால் மறுபடி அதே 4. அதற்கும் அடங்காவிட்டால், இல்லை முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினால், உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, உதவி வரும்வரை இதையே திரும்பச் செய்துகொண்டிருங்கள். இளைப்பு அடங்கினாலும் அன்றைக்கு மேலே போவது கிடையாது. முதல் மலையில் கூட்டம் கிளப்பும் தூசிக்கு மூக்கில் மெல்லிய துணி கட்டுவது நல்லது. கூட்டம் நெரியும் சிவராத்திரி நாளைத் தவிர்த்தால் இன்னும் நல்லது.

ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, நெஞ்சு வலி என்று சொல்லியிருந்தாலோ, குடும்பத்தில் சின்ன வயதிலேயே யாராவது திடீரென இறந்திருந்தாலோ, ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் ஏற்ற வேண்டாம். இவை இல்லாத பிள்ளைக்கு மலைக்காக என்று ஸ்கேன் எதுவும் தேவையில்லை.

அதைவிட நல்ல பரிசோதனை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னிமலை 1,320 படி. ஆறு வாரம் முன்பிருந்தே சனிக்கிழமைதோறும் ஏற்றி இறக்குங்கள். கடைசி இரண்டு வாரம் ஒரே காலையில் இரண்டு தடவை, மலைக்குப் போடப்போகும் அதே ஷூவில். மறுநாள் காலை நொண்டாமல் மாடிப்படி இறங்கினால் கால் தயார். ஏறுவதைவிட இறங்குவதையே கவனியுங்கள்: தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குவது இறக்கத்தில்தான், வலியும் அதில்தான் வரும்.

குளுக்கோஸ் பவுடர் வேண்டாம். அதில் உப்பு இல்லை. கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தால் வயிறு கலங்கும். 9 வயதுப் பிள்ளைக்கு ஏறும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி போதும். பெரிய மடக்காகப் பத்து, பன்னிரண்டு. ஆறு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு வையுங்கள். அதில் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.; ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரிலேயே, அடிவாரத்திலேயே கலந்துவிடுங்கள். 24 மணி நேரம் தாங்கும், சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் கவர் தகராறும் இல்லை. உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றுவதும் தப்பு: ரத்தத்தில் சோடியம் இறங்கி, அதற்கும் தலைவலி, வாந்தி, மயக்கம்தான் வரும். சுனைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்தே பிள்ளைக்கு.

சாப்பாட்டை முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக: ஒரு பொடி இட்லி, ஒரு வாழைப்பழம், இரண்டு கடலை மிட்டாய், நாலு பேரீச்சம்பழம். நன்றாகப் பேசிக்கொண்டு வந்த பிள்ளை திடீரென்று வாயை மூடும், சின்ன விஷயத்துக்குச் சிணுங்கும், கல்லில் உட்கார்ந்து “வரமாட்டேன்” என்னும். பெரும்பாலும் அது அடம் இல்லை, பசி. திட்டாமல் ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். சாப்பிட்ட பிறகும் அப்படியே இருந்து, பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், அது குளிரோ சூடோ தலைக்கேறிய அறிகுறி. கைகால் சில்லிட்டு நடுங்கினால் காற்று படாத இடத்தில் உலர்ந்த துணி, போர்வை, உங்கள் உடம்புச் சூடு. மாறாக உடம்பு கொதித்தால் முதலில் நிழல், சட்டையைக் கழற்றித் தலை, கழுத்து, அக்குள் நனைத்து விசிறுவது. அதைச் செய்த பிறகுதான் தூக்கிக்கொண்டு இறங்குவது. 108 அடிவாரம் வரைதான் வரும். அதற்கு மேல் டோலியோ தோளோதான்.

வாந்தி மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை வாந்தி என்றால் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாக ஓ.ஆர்.எஸ். இரண்டாவது தடவை என்றால் திரும்புங்கள். ஐந்து, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றாலும் திரும்புங்கள். வலிக்கு பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம்: உங்கள் பையனுக்கு 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் ஏழரை மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை. தண்ணீர் வற்றிய உடம்புக்கு ஐபூப்ரோஃபென் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதைப் பையிலேயே வைக்காதீர்கள்.

நேரம்: நடு இரவில் கிளம்புவது பெரியவர்களின் கணக்கு. 9 மணிக்குத் தூங்கும் பிள்ளை இரண்டு மணிக்குப் படியில் தடுமாறும். அடிவாரத்தில் தூங்கவைத்து, வனத்துறை அனுமதிக்கும் நேரத்தைப் பார்த்து, விடியலுக்குச் சற்று முன் கிளம்புங்கள். நீங்கள் நாலரை மணி நேரத்தில் ஏறினால் அவனுக்கு ஆறேழு மணி நேரம். பதினொன்றரைக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்புவது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போய் முடிவெடுத்தால் உச்சிதான் ஜெயிக்கும். ஆறாவது மலையில் கீழே இறங்கித்தான் ஏழாவதைப் பிடிக்கிறீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும், திரும்பும்போது அதை ஏற வேண்டும்.

அவன் பை இரண்டரை கிலோவுக்கு மேல் வேண்டாம். அடிவாரமான பூண்டியில் விற்கும் மூங்கில் தடி அவனுக்கு நீளம். முழங்கை உயரத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். டார்ச் தலையில் கட்டும் வகை. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள், இறங்கும்போது விரல் ஷூ முனையில் இடிக்காதபடி கணுக்காலில் கயிற்றை இறுக்குங்கள். வெறுங்காலில்தான் என்று வேண்டுதல் இருந்தால் அது உங்களோடு நிற்கட்டும். 5 வயதில் போடும் டி.பி.டி. பூஸ்டர் (டெட்டனஸுக்கும் சேர்த்த தடுப்பூசி) போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

இறங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் தொடை வலிப்பது இயல்பு. வலி கூடிக்கொண்டே போய், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.