வாசலைத் தாண்டாதவருக்கு ஏன் 18 ஆண்டு?

அன்புள்ள ஐயா,

2020 தேர்தலில் டிரம்ப் தோற்றதை ஏற்காத அவருடைய ஆதரவாளர்கள் 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நடத்திய வன்முறை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். உள்ளே புகுந்து சுற்றிவந்த பலருக்குச் சில மாதச் சிறையோ வெறும் நன்னடத்தைக் கண்காணிப்போதான் கிடைத்தது. கட்டடத்துக்குள் காலே வைக்காத ஓத் கீப்பர்ஸ் என்ற ஆயுதக் குழுவின் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸுக்கு 18 ஆண்டு. அன்று வாஷிங்டன் நகரத்திலேயே இல்லாத, பிரவுட் பாய்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் குழுவின் தலைவர் என்ரிக்கே டாரியோவுக்கு 22 ஆண்டு. இது செயலுக்கான தண்டனையா, கருத்துக்கான தண்டனையா? எல்லோரும் வெளியே வந்துவிட்ட பிறகு, அந்த வழக்குகளால் என்ன பயன்?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

தேர்தல் திருடப்பட்டது என்று நம்புவதோ, அதை ஊரறியக் கத்துவதோ அமெரிக்காவில் குற்றமல்ல. ரோட்ஸ் மீது நிரூபிக்கப்பட்டது வேறு: ஆட்சி மாற்றத்தைப் பலவந்தமாகத் தடுப்பதென்று சிலர் தமக்குள் உடன்பட்டு, அதற்கான ஏற்பாடுகளிலும் இறங்கினார்கள் என்பது. உள்நாட்டுப் போர் இல்லாமல் இது தீராது என்று அவர் தம் ஆட்களுக்குச் செய்தி அனுப்பியது தேர்தல் முடிந்த இரண்டாம் நாள். அது மட்டும் இருந்திருந்தால் நீங்கள் சொல்வதுபோல் வெறும் பேச்சென்று தள்ளிவிடலாம். ஆனால் பொட்டோமாக் ஆற்றுக்கு அக்கரையில், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில், ஒரு தங்கும் விடுதி அறையில் துப்பாக்கிகள் குவிக்கப்பட்டிருந்தன. தேவைப்பட்டால் அவற்றை ஆற்றில் படகு வழியாகக் கொண்டுவருவது பற்றிக்கூடப் பேசிவைத்திருந்தார்கள். ராணுவத்தில் இருந்த காலத்துக்குப் பிறகு ஒரே இடத்தில் அவ்வளவு ஆயுதங்களைப் பார்த்ததில்லை என்று, அந்த அமைப்பில் இருந்த ஒருவரே சாட்சி சொன்னார்.

வாசலைத் தாண்டினாரா என்பது இத்தகைய வழக்கில் முதன்மையான கேள்வியல்ல என்பதை ஜூரிகள் தெளிவாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். காவலரின் கேடயத்தைப் பறித்து, அதைக் கொண்டே நாடாளுமன்ற ஜன்னலை உடைத்த டொமினிக் பெஸோலாவை, டாரியோவுடன் சேர்த்துத்தான் விசாரித்தார்கள். அரசுக்கு எதிரான சதி என்ற குற்றச்சாட்டில் பெஸோலா விடுவிக்கப்பட்டார். மற்ற குற்றங்களுக்காக அவருக்கு 10 ஆண்டு. பால்டிமோரில் இருந்த டாரியோ அதே குற்றச்சாட்டில் குற்றவாளியென்று தீர்மானிக்கப்பட்டார். ரோட்ஸுடன் முதல் வழக்கில் நின்ற மற்ற நால்வரில் மூவரும் சதிக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினார்கள். கருத்துக்காகத் தண்டிக்கப் புறப்பட்ட நீதிமன்றம் இப்படி ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காது. (டாரியோவுக்குத் தண்டனை விதித்த நீதிபதி டிமோத்தி கெல்லி, டிரம்ப்பால் நியமிக்கப்பட்டவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த வழக்குகளை வெறும் கட்சிப் பழிவாங்கல் என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.)

உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, டிரம்ப் ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். டாரியோ அதில் அடக்கம். ரோட்ஸ் உள்ளிட்ட 14 பேருக்குத் தண்டனைக் காலம் மட்டும் குறைக்கப்பட்டது. தீர்ப்பு அந்த ஆணையால் துடைக்கப்படவில்லை. சட்டத்தின் கண்ணில் இந்த வேறுபாடு பெரியது. சிறை வாசலில் மாலையோடு காத்திருப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் இதிலிருந்து வழக்கே வீண் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. வழக்கு மிகவும் தாமதமாக, கூட்டாட்சி நீதிமன்றம் என்ற ஒரே ஒரு கதவை நம்பித் தொடுக்கப்பட்டது என்பதே என் எண்ணம். அமெரிக்க அதிபரின் மன்னிப்பு அதிகாரம் கூட்டாட்சிக் குற்றங்களுக்கும் தலைநகர மாவட்டத்துக்கும்தான் செல்லும். மாநிலச் சட்டப்படி விதிக்கப்பட்ட தண்டனையை அவர் தொட முடியாது. தனியார் ஆயுதக் குழுக்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதோ ஒரு வடிவில் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. அது நேற்று வந்ததுமல்ல. 1879-இல் சிக்காகோ வீதிகளில் ஆயுதமேந்திய ஜெர்மானியத் தொழிலாளர் அணி ஒன்றை நடத்திச் சென்ற ஹெர்மன் பிரெஸ்ஸருக்கு 10 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அனுமதியில்லாத ஆயுத அணிவகுப்பை மாநிலங்கள் தடைசெய்யலாம் என்று 1886-இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதாவது, சீருடையும் துப்பாக்கியுமாகத் திரியும் நிலையிலேயே இக்குழுக்களைச் சிறிய வழக்குகளால் தடுக்கச் சட்டத்தில் வழியிருந்தது. 2017-இல் நிறவெறியர்களின் பேரணியால் ரத்தம் சிந்திய சார்லட்ஸ்வில் நகரம், அங்கே வந்த ஆயுதக் குழுக்களை வர்ஜீனிய நீதிமன்றத்துக்கு இழுத்து, இனி அப்படி அணியாக வருவதில்லை என்ற உறுதியைப் பெற்றது. மிச்சிகனில், ஆளுநர் கிரெட்சன் விட்மரைக் கடத்த 2020-இல் தீட்டப்பட்ட திட்டத்துக்கு உதவிய மூவரை மாநில நீதிமன்றமே 2022-இல் தண்டித்தது. அதே திட்டத்துக்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு மன்னிப்பு வழங்குவது பற்றிப் பரிசீலிப்பதாக டிரம்ப் 2025-இல் சொன்னார். மாநிலச் சிறையில் இருக்கும் மூவருக்கு அவரால் அப்படி எதையும் சொல்ல முடியாது.

இந்த வழியிலும் சிக்கல் உண்டு. மாநில அளவில் வழக்குத் தொடுக்கும் அரசு வழக்கறிஞர்களும், கைதுசெய்ய வேண்டிய ஷெரீப்களும் (உள்ளூர்க் காவல் தலைவர்கள்) பெரும்பாலும் உள்ளூர் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். ஆயுதக் குழுவினர் அந்த ஊர்களின் வாக்காளர்களாகவும், சில இடங்களில் ஷெரீப்பின் நண்பர்களாகவும் இருக்கும்போது, 10 டாலர் அபராதத்துக்கான வழக்கைக்கூட எழுதுவதற்குத் துணிவு வேண்டியிருக்கிறது.