வலிப்பு நோய் இருப்பவர்கள் மெடிக்கல் ஐடி பிரேஸ்லெட் போடத்தான் வேண்டுமா?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இதுதான்: அண்மையில் வலிப்பு நோய் என்று உறுதியாகி மாத்திரை தொடங்கியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் மெடிக்கல் ஐடி பிரேஸ்லெட், அதாவது நோயின் பெயரும் அவசர எண்ணும் பொறித்த தகடு கோத்த கைப்பட்டை, வாங்கிப் போடச் சொல்கிறார்கள். நோயை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருக்கிறதே, அவசியம்தானா என்கிறார்.

எனக்கும் பல வருடங்களாக வலிப்பு உண்டு. வெளியே கிளம்பும்போது பிரேஸ்லெட் போடுவேன், வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுவேன். எல்லோருக்கும் கட்டாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்களும் உங்கள் வீட்டாரும் ஆளுக்கொரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று படுகிறது. அவர்கள் வலிப்பு வரும் அந்த ஓரிரு நிமிடத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நீங்கள் வலிப்பே வராத மற்ற நாள்களில் நாலு பேர் பார்ப்பதை நினைத்துத் தயங்குகிறீர்கள். பிரேஸ்லெட்டுக்கு இந்த இரண்டிலுமே பெரிய வேலை இல்லை. வலிப்பு நின்ற பிறகு, கண் திறந்திருந்தும் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் இருக்கிறோமே, அப்போதுதான் அதற்கு வேலை.

கை கால் வெட்டி இழுத்துக் கீழே விழும் பெரிய ஃபிட்ஸை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. இடிக்கிற பொருள்களை நகர்த்திவிட்டு, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, மணி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ விரலோ விடக் கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது தொடங்கினாலோ உடனே ஆம்புலன்ஸ்.

சிக்கல் அதற்கு அப்புறம். இது உங்களுக்கு முதல் வலிப்பா, ஏற்கெனவே பலமுறை வந்ததா என்று சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. முதல் தடவை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் சரி. சர்க்கரை குறைந்தாலும் வலிப்பு வரும், தலையில் அடிபட்டிருந்தாலும் வரும், எதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே நோய் தெரிந்தவர், இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது, அடியில்லை, மூச்சு சீராக இருக்கிறது என்றால், தெளியும் வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே பல நேரம் போதும். இந்த வித்தியாசத்தை அவர்களுக்குச் சொல்ல உங்களால் அப்போது முடியாது. கையில் 'வலிப்பு நோய்' என்று இருந்தால் அது சொல்லும்.

எனக்கு வருவது வேறு வகை. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கி, நினைவை மட்டும் மங்க வைக்கிற ஃபோக்கல் வலிப்பு. விழமாட்டேன். நின்றபடியே சப்புக்கொட்டுவேன், சட்டைப் பொத்தானைத் திருகுவேன், சில சமயம் என் பாட்டுக்கு நடக்கவும் செய்வேன். பார்ப்பவருக்குக் குடித்திருக்கிறான் என்றோ, புத்தி சரியில்லை என்றோதான் தோன்றும். உண்மையில் பிரேஸ்லெட் அதிகம் தேவைப்படுவது என்னைப் போன்றவர்களுக்குத்தான். விழுந்து துடிப்பவனைப் பார்த்து ஊரே பரிதாபப்படும். நடந்து திரிபவனைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை.

ஒரு தடவை கடையில் எடுத்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பில் போடாமலே வாசலை நோக்கி நடந்திருக்கிறேன். காவலாளி தோளைப் பிடித்து நிறுத்த, நான் உதறியிருக்கிறேன். வலிப்பின்போதும், நின்ற கையோடு வரும் குழப்பத்திலும் ஒருவரைப் பிடித்து இழுத்தால் உடம்பு தானாகத் திமிறும். அதில் கோபமும் கிடையாது, அடிக்கும் எண்ணமும் கிடையாது. பிடிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இன்னொரு ஊழியர் வந்து மறு கையைப் பிடித்தபோது தகடு அவர் விரலில் தட்டுப்பட்டிருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருந்த அதை மேலே புரட்டிப் படித்தவர், "விடுங்க, விடுங்க, ஃபிட்ஸ் பேஷன்ட்" என்றாராம். தகட்டில் இருந்த எண்ணுக்கு அழைப்பு போய், என் தங்கை வந்து சேர்ந்து, அவள் கேட்டுச் சொன்ன கதை இது. எனக்கு நினைவிருப்பதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், "இன்னிக்கு என்ன கிழமை சார்?" என்று யாரோ திரும்பத் திரும்பக் கேட்டதும்தான்.

ஆஸ்பத்திரிக்குள் போனால் அதன் பயன் வேறு விதம். நிற்காத வலிப்புக்கு அவசரப் பிரிவில் போடும் ஊசிகளில் ஃபெனிட்டாயின் ஒன்று. கார்பமாஸிபைன் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிட்டுத் தோல் உரியும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்த ஒருவருக்கு ஃபெனிட்டாயினும் அதே மாதிரி வினையாக முடியலாம், இரண்டும் வேதியியல் அமைப்பில் நெருங்கியவை. வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து சாப்பிடுபவருக்குக் கடும் தொற்று என்று மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால், ரத்தத்தில் வால்புரோயேட் அளவு சரசரவென்று இறங்கி, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். வலிப்பைக் குறைக்க மார்பில் வேகஸ் நரம்புத் தூண்டி என்ற கருவி வைத்திருப்பவர் என்றால் எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். உங்களுக்கு இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நான் 'யோசித்துப் பாருங்கள்' என்று சொல்லமாட்டேன், போடுங்கள் என்றே சொல்வேன்.

பிரேஸ்லெட் போடும் இந்தப் பழக்கம் பிறந்ததும் ஓர் ஒவ்வாமையால்தான், வலிப்பால் அல்ல. 1953இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மேரியன் காலின்ஸ் என்ற டாக்டரின் மகள் லிண்டாவுக்கு விரலில் பட்ட காயத்துக்காக டெட்டனஸ் மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனையே உயிர் போகும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. பிறகு மகள் வெளியே போகும்போதெல்லாம் எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைக் கோட்டில் குத்தி அனுப்பினார்கள். காகிதச் சீட்டு பின்பு வெள்ளி பிரேஸ்லெட் ஆனது. 1956இல் அந்தக் குடும்பமே இப்படிப்பட்ட பிரேஸ்லெட்டுகளை மற்றவர்களுக்கும் வழங்க மெடிக்அலர்ட் அமைப்பைத் தொடங்கியது.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அதை வீண் பயம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வராது. 1986இல் கிரஹாம் ஸ்காம்ப்ளர் என்ற சமூகவியலாளரும் ஆண்டனி ஹாப்கின்ஸ் என்ற நரம்பியல் மருத்துவரும் வலிப்பு நோயாளிகளிடம் பேசி எழுதிய ஆய்வில் இதை இரண்டாகப் பிரித்தார்கள். மற்றவர்கள் நிஜமாகவே நம்மை ஒதுக்குவது ஒன்று. ஒதுக்கிவிடுவார்களோ என்று நாமே உள்ளுக்குள் கூசிப்போய் மறைப்பது மற்றொன்று. அவர்கள் பேசியவர்களின் வாழ்க்கையை இரண்டாவதுதான் அதிகம் குலைத்திருந்தது. அதற்காக முதலாவது இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. வேலை, கல்யாணப் பேச்சு, ஓட்டுநர் உரிமம் என்று எங்கே கேட்டாலும் வலிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. யாரிடம், எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. அதை ஒரு தகடு உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

நடைமுறையில் அப்படி ஆவதில்லை. எழுத்து அரை விரல் நீளத் தகட்டில், பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முன்பக்கச் சின்னம் மட்டும்தான் தெரியும். முழுக்கை சட்டை போட்டால் அதுவும் தெரியாது. "இது என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. "அவசரத்துக்கு வீட்டு நம்பர்" என்பேன், பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். துருவித் துருவிக் கேட்பவர், பிரேஸ்லெட் இல்லாவிட்டால் மாத்திரை டப்பாவைப் பார்த்துக் கேட்பார்.

யாருக்கு அவ்வளவு தேவையில்லை? தூக்கத்தில் மட்டும் வலிப்பு வருபவருக்கும், வெளியே எங்கு போனாலும் விவரம் தெரிந்த ஆள் கூடவே இருப்பவருக்கும், வருடக்கணக்கில் வலிப்பே இல்லாமல் இருப்பவருக்கும். மருந்து சரியாக அமைந்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிலைக்கு வந்தவர் கழற்றி மேசைக்குள் போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் மருந்தைக் குறைக்கும்போதும் மாற்றும்போதும் அதைத் திரும்ப எடுத்துப் போடுவது நல்லது, மறுபடி வர வாய்ப்பிருக்கும் காலம் அது. நீங்களோ இப்போதுதான் மாத்திரை தொடங்கியிருக்கிறீர்கள். எந்த அளவு ஒத்துவரும், வலிப்பு எந்த உருவத்தில் வரும் என்பதே இன்னும் பிடிபட்டிருக்காது. வாழ்நாள் முழுக்கப் போடுவதா என்ற பெரிய கேள்வியை இப்போது எடுக்காதீர்கள். மருந்து செட்டாகும் வரை போடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"போனில்தான் எல்லாம் இருக்கிறதே" என்பார்கள். ஐபோனில் 2014 முதல் லாக்கைத் திறக்காமலே மருத்துவ விவரம் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் உண்டு. கட்டாயம் நிரப்பி வையுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆனால் விழும்போது போன் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும், பதறி நிற்கும் ஆளுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரிய வேண்டும். கியூஆர் கோடு மட்டும் அச்சிட்ட பட்டைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்கேன் செய்ய ஒரு போனும் நெட்டும் வேண்டும், அந்தத் தளத்தை நடத்துபவர் கடையை மூடாமலும் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும், முக்கியமான சொற்கள் உலோகத்தின் மேல் இருக்க வேண்டும்.

வடிவத்தில் என் வாக்கு மணிக்கட்டுக்குத்தான். முதலுதவிக்கு வருபவர் நாடி பார்க்க அங்கேதான் கை வைப்பார். கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்பதால் செயினில் கோத்த டாலரும் பயன்படும். ஆனால் வெட்டி இழுக்கும் வலிப்பு இருந்தால் செயின் இறுகும் ஆபத்து உண்டு. இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி இருந்தால் மட்டும் வாங்குங்கள். அழகுக்காக மணி கோத்து, சின்னமே தெரியாமல் செய்தவற்றைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். நகை என்று நினைத்து யாரும் புரட்டிப் பார்க்காவிட்டால் போட்டு என்ன பயன்? பாம்பு சுற்றிய கோல் சின்னம் முன்பக்கம் பளிச்சென்று தெரிய வேண்டும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் டைட்டானியம் அல்லது சிலிகான் பட்டை. இதுவும் பிடிக்கவில்லை என்றால் வாட்ச் பட்டையில் கோக்கும் சின்னத் தகடுகள் கிடைக்கின்றன.

எழுத வேண்டியது கொஞ்சம்தான். பெயர், 'வலிப்பு நோய்', உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை இருந்தால் அந்த மருந்தின் பெயர், உடலில் பொருத்திய கருவி இருந்தால் அது, நாட்டுக் குறியீட்டோடு ஒரு தொலைபேசி எண். இடம் மிச்சமிருந்தால் '5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்'. நீங்கள் இருக்கும் இடத்தில் ஆம்புலன்ஸ்காரர் எந்த மொழியைப் படிப்பாரோ அந்த மொழியில் பொறியுங்கள். மாத்திரையின் அளவைப் பொறிக்க வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். மருந்துப் பட்டியலைத் தேதி போட்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துவிட்டு, தகட்டில் 'பர்ஸில் சீட்டு' என்று மட்டும் போடலாம்.

எண் யாருடையது என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். என் அக்கா தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை எடுக்கவே மாட்டாள். அதனால்தான் எனக்காக உயிரையே கொடுக்கும் அவளை விட்டுவிட்டு, லோன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பைக்கூட விடாமல் எடுத்துப் பேசுகிற தங்கையின் எண்ணைப் பொறித்தேன். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: உங்களுக்கு வலிப்பு வழக்கமாக எவ்வளவு நேரம் நீடிக்கும், எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த டாக்டர். அழைப்பவர் முதலில் கேட்கப்போவது இந்த மூன்றைத்தான்.