நாலு பவர் ஸ்கோப்பை வித்துடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருக்கு. ஜூம் இல்லாம ஒரே பவர்ல (எத்தனை மடங்கு பெருசா காட்டுதோ அதுதான் பவர்) நிக்கிற சின்ன ரைஃபிள் ஸ்கோப், அது இன்னிக்கு வேட்டைக்குப் போறவங்களுக்கு ஆகுமா ஆகாதா. அதனால இந்த இதழை அதுக்கே ஒதுக்கிட்டேன். நான் ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மலைக்காட்டுல கடமான் பின்னாடி நடக்கிறவன், சொல்றதெல்லாம் அந்தக் காட்டை வச்சுத்தான்.

கேள்வி: போன வருஷம் கேம் லைசென்ஸ் எடுத்தேன். .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், அதோடயே ஒரு பழைய ஃபிக்ஸட் 4 பவர் ஸ்கோப்பும் வந்துச்சு. கடையில காட்டினா "இதெல்லாம் தாத்தா காலத்து சாமான், 4-லேருந்து 16 பவர் வரைக்கும் மாத்தற 4-16 வாங்குங்க"ன்னு சொல்றாங்க. லிகோலா பக்கம் கடமானுக்குப் போகப்போறேன். மாத்தணுமா?
– டான்டினாங் வாசகர்

பதில்: மாத்தாதீங்க. அந்தக் காசுல நல்ல பைனாகுலர் ஒன்னு வாங்குங்க, மிச்சத்துக்கு பெட்ரோல் போட்டு கூடுதலா பத்து நாள் காட்டுல நடங்க.

ஏன்னு சொல்றேன். லிகோலா, டார்கோ, மான்ஸ்ஃபீல்டுக்கு மேல, எங்க போனாலும் கடமான் பகல்ல படுக்கிற இடம் பிளாக்பெர்ரி முள்ளும் ட்ரீ ஃபெர்னும் மண்டிக் கிடக்கிற ஓடைச் சரிவுதான், அங்க மான் கண்ணுல படறது 30 மீட்டர், 50 மீட்டர், மிஞ்சிப்போனா 100. அதுவும் முழு மானும் தெரியாது. ஒரு காது அசையும், இல்லன்னா நெட்டுக்குத்தா நிக்கிற மரங்களுக்கு நடுவுல தரைக்கு இணையா ஒரு பழுப்புக் கோடு ஓடும், அதுதான் முதுகு. அந்தக் கோட்டைப் பார்த்ததுக்கும் அது கிளம்பிப் போறதுக்கும் நடுவுல உங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு மூணு நொடி.

இப்ப கணக்கைப் பாருங்க. 100 மீட்டர் தூரத்துல 4 பவர் ஸ்கோப்புக்குள்ள சுமாரா 8 மீட்டர் அகலம் தெரியும், 2.5 பவர்ல 13 மீட்டர், 9 பவர்ல நாலரை மீட்டர்தான். தூரத்தை 25 மீட்டருக்குக் கொண்டு வாங்க, எல்லாம் அப்படியே கால்வாசி ஆயிடும். 4 பவர்ல 2 மீட்டர் தெரியும், 9 பவர்ல ஒரு மீட்டர் சொச்சம். வளர்ந்த கடமானோட உடம்பு நீளமே ஒன்றரை மீட்டருக்கு மேல.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜூலை மாசம், டார்கோ பக்கம், புல்லு பூரா உறைபனி, என் ரைஃபிள்ல அப்ப 3-9 ஸ்கோப். விடிஞ்ச உடனே எதிர்ச்சரிவுல ஏதோ நிக்குதுன்னு ஸ்கோப்பை 9-க்குத் திருப்பிப் பார்த்தேன் (அதுவே தப்பு, கீழ சொல்றேன்), கருகின அடிமரம் அது, சரின்னு நடக்க ஆரம்பிச்சேன், பவரை மாத்தற வளையத்தைத் திரும்ப 3-க்குக் கொண்டு வரல. ஒரு மணி நேரம் கழிச்சு ஓடைக்குள்ள இறங்கும்போது காத்து என் முகத்துக்கு நேரா வந்துச்சு, ஒரு ஃபெர்னுக்குப் பின்னாடி ஆண் கடமான் ஒன்னு எழுந்து நின்னுச்சு, 25 மீட்டர் இருக்கும். ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கொண்டு வந்தா உள்ள வெறும் முடி. முடி நுனியில தொங்குற தண்ணித்துளி கூட தெளிவா தெரியுது, ஆனா அது தோளா தொடையா கழுத்தான்னு தெரியல. அப்படி நகர்த்தினா ஒரு மரம், இப்படி நகர்த்தினா மறுபடி முடி, அப்புறம் இலை. உடனே லாரி ஹாரன் மாதிரி ஒரு சத்தம் போட்டுட்டு போயிடுச்சு. நான் சுடல, அது வரைக்கும் நிம்மதி, எங்க படும்னு தெரியாம சுட்டு அது காயத்தோட ஓடியிருந்தா அந்தச் சரிவுல தேடிக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது.

ஃபிக்ஸட் ஸ்கோப்புல அந்த வளையமே கிடையாது. மானுக்கு முன்னாடி நிக்கும்போது என்ன பவர்ல இருக்கோம்னு யோசிக்க வேண்டிய வேலையே இல்ல, முதல் நாள் என்ன தெரிஞ்சுதோ அதேதான் எப்பவும் தெரியும், ஒரு வருஷம் பழகினா ரைஃபிள் தோளுக்கு வரும்போதே கண்ணு எதிர்பார்க்கிற படம் உள்ள இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் அடுத்த வருஷமே 4 பவருக்கு மாறினேன்.

மத்த காரணம்னு பழைய ஆளுங்க சொல்றதுல சிலது இன்னிக்கு செல்லாது, அதையும் சொல்லிடறேன். பவர் மாத்தற வேரியபிள் ஸ்கோப்புல லென்ஸ் அதிகம், அதனால இருட்டா இருக்கும்னு சொல்வாங்க. கோட்டிங் இல்லாத கண்ணாடில ஒவ்வொரு பரப்புலயும் சுமார் 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிப் போயிடும், ஸ்கோப்புக்குள்ள பத்துப் பதினஞ்சு பரப்பு இருந்தா நஷ்டம் பெருசுதான், ஆனா ஜெர்மனில ஸ்மாகுலான்னு ஒருத்தர் ஜெய்ஸ் கம்பெனில 1935-லயே கோட்டிங் கண்டுபிடிச்சுட்டார், இன்னிக்கு நல்ல லென்ஸ்ல ஒரு பரப்புக்கு அரை சதவீதம் கூட போகறதில்ல. பவரை மாத்தினா குண்டு படற இடம் மாறும்ங்கறதும் அப்படித்தான். 1950கள்ல அது நிஜம், இன்னிக்கு ஓரளவு நல்ல ஸ்கோப்புல அந்தப் பிரச்சனை இல்ல. 1960களுக்கு அப்புறம் 3-9 வந்து எல்லா ரைஃபிள் மேலயும் உக்காந்ததுக்கு காரணம் அது நிஜமாவே நல்லா வேலை செஞ்சதுதான்.

எடை மட்டும் இன்னும் பெரிய விஷயம். சின்ன 2.5 பவர் ஸ்கோப் 185 கிராம்ல கிடைச்சுது, 4 பவர் 260 பக்கம், இப்ப எல்லாரும் வாங்குற 1-6 அரை கிலோ, கடைக்காரர் காட்டின 4-16 அதையும் தாண்டும். ரைஃபிளைத் தோள்ல மாட்டாம ரெண்டு கைலயும் பிடிச்சுக்கிட்டு செங்குத்து சரிவுல ஆறு மணி நேரம் நடக்கிறவங்களுக்கு அந்த கால் கிலோ நல்லாவே தெரியும்.

சாயங்கால வெளிச்சத்துக்கு பத்துமான்னு அடுத்து கேப்பீங்க. முன்பக்க லென்ஸ் அளவை பவரால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளிக்கத்தையோட அகலம் கிடைக்கும், 4x32-ன்னா 4 பவர், 32 மில்லிமீட்டர் லென்ஸ், 32-ஐ 4-ஆல வகுத்தா 8 மில்லிமீட்டர். இருட்டுல நம்ம கண்மணி விரியறதே சின்ன வயசுல 7, அம்பதைத் தாண்டினா 5 கிட்டத்தான். அதுக்கு மேல வர்ற வெளிச்சத்தைக் கண்ணு வாங்கிக்கவே முடியாது. விக்டோரியா பொதுக்காட்டுல சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்துல மான் வேட்டையை நிறுத்தணும்கறது சட்டம், அது வரைக்கும் 4x32 தாராளம். ஜெர்மனில மரப்பரண் மேல உக்காந்து நிலா வெளிச்சத்துல காட்டுப்பன்னிக்குக் காத்திருக்கிறவங்க 8x56 வச்சிருப்பாங்க, அதுவும் காலங்காலமா ஃபிக்ஸட்தான், ஆனா அந்த வேட்டை வேற, அந்த ஸ்கோப்பும் வேற.

எங்க இது பத்தாதுன்னும் சொல்லணும். எதிர்ச்சரிவுல 250 மீட்டர்ல நிக்கிற மான் 4 பவர்ல வெறுங்கண்ணுக்கு 62 மீட்டர்ல நிக்கிற மாதிரி தெரியும். 200 கிலோ மிருகம், 62 மீட்டர், சுட அது போதும். உங்க .308-ல 150 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டை 200 மீட்டருக்கு ஜீரோ பண்ணினா, அதாவது அந்தத் தூரத்துல குறி வச்ச இடத்துலயே படற மாதிரி ஸ்கோப்பை வச்சா, 100-ல சுமார் 5 செ.மீ. மேல, 250-ல சுமார் 10 செ.மீ. கீழ படும், அது வரைக்கும் நேரா தோளுக்குப் பின்னாடி வச்சே சுடலாம். ஆனா நடுவுல விரல் கனக் கிளை ஒன்னு குறுக்க இருக்கான்னு 4 பவர்ல தெரியாமப் போகலாம், அங்க கூடுதல் பவர் நிஜமாவே உதவும். வெட்டவெளியைப் பார்த்து உக்காந்து 300 மீட்டர் சுடறதுதான் உங்க வழக்கம்னா வேரியபிளே வாங்குங்க, 2-7 இல்ல 1.5-6, நடக்கும்போது எப்பவும் அடி பவர்ல.

கடைசியா அந்த பைனாகுலர். ஸ்கோப்பால தேடாதீங்க. ஸ்கோப் எங்க பாக்குதோ குழலும் அங்கதான் பாக்குது, எதிர்ச்சரிவுல அசையறது இன்னொரு வேட்டைக்காரரா இருந்தா? அன்னிக்கு நான் பண்ணின முதல் தப்பு அதுதான், 9-க்குத் திருப்பினது அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி: குறி பார்க்கிற குறுக்குக் கோட்டுக்கு (கிராஸ்ஹேர்) கீழ சின்னச் சின்னப் புள்ளி இருக்கிற 3-9 வாங்கினேன், 300-க்கு இந்தப் புள்ளி, 400-க்கு அந்தப் புள்ளின்னு பெட்டில போட்டிருக்கு. ரேஞ்சுல சரியா வருது, காட்டுல ஒரு தடவை மானுக்கு மேல போயிடுச்சு. ஏன்?
– ஜீலாங் வாசகர்

பதில்: அன்னிக்கு எந்தப் பவர்ல இருந்தீங்கன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. இந்த மாதிரி ஸ்கோப் பெரும்பாலானதுல பவரைக் கூட்டினா குறைச்சா கிராஸ்ஹேர் அளவு மாறாது, காட்சி மட்டும்தான் பெருசாகி சின்னதாகும். அதனால அந்தப் புள்ளி கணக்கு ஒரே ஒரு பவர்ல, பொதுவா உச்ச பவர்ல மட்டும்தான் சரி. 9-ல 300 மீட்டருக்கான புள்ளி 4 பவர்ல ரெண்டு மடங்குக்கு மேல இடம் விட்டுக் காட்டும், குண்டு மேல போகத்தான் செய்யும். ஃபிக்ஸட் ஸ்கோப்புல புள்ளி எப்பவும் அதே புள்ளி. உங்ககிட்ட இருக்கிறதை மாத்த வேண்டாம், புள்ளியை வச்சு சுடறதா இருந்தா வளையம் 9-ல இருக்கான்னு பார்த்துட்டு சுடுங்க, இல்லன்னா புள்ளியை மறந்துடுங்க.

கேள்வி: வயசு 54, ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போடறேன். ஸ்கோப்புக்குள்ள கறுப்பு நிழல் விழுந்துக்கிட்டே இருக்கு. குறைஞ்ச பவர் உதவுமா?
– பென்டிகோ வாசகர்

பதில்: உதவும். நிழல் வர்றது கண்ணு நடுவுல இல்லாததால, இல்ல முன்னயோ பின்னயோ தள்ளி இருக்கிறதால. பவர் குறைய குறைய ஒளிக்கத்தை அகலமாகும், கண்ணு கொஞ்சம் விலகினாலும் படம் போகாது. நிறைய வேரியபிள்ல பவரைக் கூட்டக் கூட்ட கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் வேண்டிய இடைவெளியும் குறையும், ஃபிக்ஸட்ல அது மாறாது, சுமார் 10 செ.மீ. இருக்கிறதா பார்த்து வாங்குங்க, சரிவுல மேல்நோக்கி சுடும்போது புருவம் கிழியாம இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கிட்டே வெறும் வானத்தைப் பார்த்து (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்) பின்பக்க லென்ஸைத் திருப்பி கிராஸ்ஹேர் கூர்மையாகற இடத்துல நிறுத்துங்க, ஒவ்வொரு தடவையும் சட்டுன்னு பார்த்துட்டு கண்ணை எடுத்துடுங்க, முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா கண்ணு தானா சரி பண்ணிக்கிட்டு நம்மளை ஏமாத்திடும்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னோட வீவர் கே4 ஸ்கோப்பைக் கொடுத்தார், குளிர்ல உள்ள ஆவி படியுது. சரி பண்ணலாமா?
– பல்லரட் வாசகர்

பதில்: கே4 பெரிய பேரு. பில் வீவர் 1930-ல ஆரம்பிச்ச கம்பெனி, அப்புறம் டெக்சஸ்ல எல் பாசோ ஊர்ல இருந்து பண்ணினாங்க, 1947-ல வந்த இந்த கே வரிசைதான் சாதாரண ஆளும் வாங்கற விலையில ஸ்கோப்பைக் கொண்டு வந்துச்சு. எல் பாசோ தொழிற்சாலை 1984-ல மூடிட்டாங்க. உள்ள ஆவி படியுதுன்னா சீல் காய்ஞ்சு காத்து புகுந்திருக்கு. பழைய ஸ்கோப் ரிப்பேர் பண்ற ஆளு கிடைச்சா பிரிச்சுக் காய வச்சு சீல் மாத்தி நைட்ரஜன் அடைச்சுத் தருவாங்க, அதுக்கு ஆகற செலவுல நல்ல நிலைமையில இருக்கிற பழைய 4 பவர் இன்னொன்னே வாங்கிடலாம்ங்கறதையும் யோசிங்க. எதுவானாலும் பெரியவர் கொடுத்ததைத் தூக்கிப் போடாதீங்க, சின்ன .22 ரைஃபிள்ல மாட்டி வெயில் நாள்ல முயலுக்கு வச்சுக்கலாம்.

கேள்வி: நீங்க எழுதுற கடமான் நம்ம ஊரு கடமானேதானா? அங்க எப்படிப் போச்சு? இங்க பாதுகாக்கிற மிருகத்தை அங்க சுடறது மனசுக்கு உறுத்தலையா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: அதேதான். நம்ம தென் மாவட்டத்துல மிளான்னு சொல்றது, இலங்கைத் தமிழர் மரைன்னு சொல்றது, எல்லாம் இந்த ஒரே மான்தான். 1860கள்ல வெள்ளைக்காரங்க மெல்போர்னுக்கு வடகிழக்குல சுகர்லோஃப் மலையில, இப்ப கிங்லேக்னு சொல்ற இடத்துல கொண்டு வந்து விட்டாங்க. புலி கிடையாது, செந்நாய் கிடையாது, கிழக்கு விக்டோரியா பூரா பரவிடுச்சு. மரப்பட்டையைக் கொம்பால உரிச்சுப் போடுது, சதுப்புல புரண்டு அங்க மட்டும் வளர்ற செடியை அழிக்குது. அதனால அங்க கடமானைத் தேடி நடந்து வேட்டையாடறதுக்கு வருஷம் முழுக்க அனுமதி, குறைஞ்சது .270 ரைஃபிளும் 130 கிரெயின் குண்டும் இருக்கணும்னு விதி. இந்தியாவுல 1972 வனவிலங்குச் சட்டப்படி தொடக்கூடாது, தொடவும் வேண்டாம், உலக அளவுல 2008-லேருந்து அழியும் ஆபத்துல இருக்கிற இனம்னு பட்டியல்ல இருக்கு. உறுத்தலான்னு கேட்டீங்க. இருக்கு, ஒவ்வொரு தடவையும். முதுமலையில புலி நடமாடும்போது இது போடற அதே சத்தத்தைத்தான் டார்கோல என்னைப் பார்த்தும் போட்டுச்சு.