லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ் நாவலில் அந்தத் தீவு எதைக் குறிக்கிறது?

தீவு என்றால் உலகம், காடு என்றால் மனிதனுக்குள் இருக்கும் மிருகம் என்று நோட்ஸ்களில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதோடு நின்றால் வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட இந்த நாவலின் அழகே போய்விடும்.

விமான விபத்தில் தப்பி, பெரியவர்கள் யாருமில்லாத தீவில் மாட்டிக்கொள்ளும் இங்கிலாந்துப் பள்ளிப் பையன்களின் கதை. அங்கே பட்டினி கிடையாது. பழம் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது, நீந்த வெதுவெதுப்பான குளம்கூட உண்டு. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்போம். இவர்களுக்குப் பட்டினி வராமலே பத்தும் பறக்கிறது. பழியை இயற்கைமேல் போட முடியாதபடி கோல்டிங் முதலிலேயே வழியை அடைத்துவிடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் முதல் அத்தியாயத்தில் வருகிறது. மலையுச்சியிலிருந்து இறங்கும்போது ரால்ஃப், ஜாக், சைமன் மூவரும் ஒரு புதரைப் பார்க்கிறார்கள். மொட்டுகள் மெழுகுவர்த்திபோல இருக்கின்றன என்கிறான் சைமன். ஜாக் கத்தியால் ஒரு வெட்டு வெட்டுகிறான். இதையெல்லாம் கொளுத்த முடியாது என்கிறான் ரால்ஃப். தின்னவும் முடியாது, வாங்க போகலாம் என்கிறான் ஜாக். பின்னால் யார் யார் என்ன ஆகப்போகிறார்கள் என்பது அந்த ஒரு புதரிலேயே தெரிந்துவிடுகிறது. அதே மொட்டுகள் இரவில் வெள்ளையாக விரிந்து மணப்பதை இன்னொரு அத்தியாயத்தில் படிக்கிறோம். அப்போது அங்கே இருப்பவன் சைமன் மட்டும்தான்.

அப்புறம் கடல். பையன்கள் தங்கும் பக்கம் பவளத்திட்டு அலைகளைத் தடுக்கிறது, உச்சிவெயிலில் கானல் மிதக்கிறது. கப்பல் வரும் என்று அங்கே உட்கார்ந்து கனவு காணலாம். தீவின் மறுபக்கத்தில் அந்தத் தடுப்பு இல்லை. ஏதோ பிரம்மாண்டமான உயிர் மூச்சுவிடுவதுபோல் கடல் ஏறி இறங்குவதை ரால்ஃப் பார்க்கிறான், நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அவனும் மற்றவர்களும் அன்றைக்கு, தீவில் இருப்பதாகப் பையன்கள் பயப்படும் ஒரு மிருகத்தைத் தேடித்தான் கிளம்பியிருக்கிறார்கள்! அந்தக் கடலுக்கோ இவர்கள்மீது பகையும் இல்லை, பரிவும் இல்லை. மிருகத்தைவிட அதுதான் பயங்கரம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் சைமன் அருகில் வந்து, நீ ஊர் திரும்பிவிடுவாய் என்று சொல்கிறான்.

இந்தக் கடல் காட்சி ஏழாம் அத்தியாயத் தொடக்கத்தில் வருகிறது, தேர்வுக்கு எழுதுவதாக இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். பலர் மலையையும், கப்பலுக்குத் தெரிய அங்கே மூட்டும் நெருப்பையும் மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள்.